உண்ணிக் காய்ச்சலும் தாய்ப்பாலும்: ஒரு சந்தேகத்தின் வரலாறு

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் புல் முழங்கால் உயரம் வளர்ந்து நிற்கும். அந்த நேரத்தில்தான் ஒரு காய்ச்சலும் வரும். நான்கு நாள், ஐந்து நாள் ஆனாலும் இறங்காது. தலைவலி மண்டையைப் பிளக்கும். டெங்குவும் இல்லை, மலேரியாவும் இல்லை என்பார்கள். வீட்டில் யாராவது "உண்ணி கடிச்சிருக்கும்" என்பார்கள்.

காய்ச்சல் வந்தவர் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாயாக இருந்தால் கவலை இரண்டு மடங்கு. "காய்ச்சலோட பால் கொடுக்காதே, குழந்தைக்கும் ஒட்டிக்கும்" என்று ஒரு பக்கம். "மாத்திரை சாப்பிட்டா பால்ல இறங்கிடும்" என்று இன்னொரு பக்கம். படித்தவர்கள் உண்ணிக்கடி பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது 'லைம் நோய்' என்ற பெயர். ஆனால் கடலூரில் சந்தேகிக்க வேண்டியது அந்த நோயைத்தானா? இதற்கு விடை வேண்டுமென்றால் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

லைம் என்ற ஊர்

லைம் என்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஒரு சிறிய ஊர். அங்கே வசித்த பாலி மரே என்ற பெண்மணிக்கும் அவர் குடும்பத்தாருக்கும் பல வருடங்களாக மூட்டு வீக்கம், தோல் தடிப்பு, காய்ச்சல். மருத்துவர்கள் பலர் "எல்லாம் மனப்பிரமை" என்றே நினைத்தார்கள். அவர் விடவில்லை. அக்கம்பக்கத்தில் யார் யாருக்கு இதே தொல்லை என்று குறித்து வைத்தார். 1975-இல் அவரும் இன்னொரு தாயும் தனித்தனியாகச் சுகாதாரத் துறையிடம் முறையிட்டார்கள். ஆலன் ஸ்டீர் என்ற மருத்துவர் விசாரித்து 1977-இல் இதை ஒரு தனி நோயாக எழுதினார். உண்ணிக்குள் இருந்த சுருள் வடிவக் கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் கண்டுபிடித்தது 1981-இல். ஆக, லைம் நோய் வெளிச்சத்துக்கு வந்ததே தாய்மார்களின் சந்தேகத்தால்தான்!

இந்தியாவில் லைம் நோய் மிகவும் அரிது. வயநாடு, நாகரஹொளே, பந்திப்பூர் போன்ற காட்டுப் பகுதிகளில் அதன் தடயங்கள் பதிவாகியுள்ளன. அதைப் பரப்பும் உண்ணி வகைக்குக் குளிர்ச்சியான காடு வேண்டும். கடலூரின் நெல்வயலும் முந்திரித் தோப்பும் அதற்கு ஏற்ற இடமல்ல. ஆனால் அந்த மண்ணுக்கு ஏற்ற வேறொரு நோய் இருக்கிறது.

நம் ஊர்க் காய்ச்சல்

அதன் பெயர் ஸ்க்ரப் டைஃபஸ். தமிழில் 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறார்கள். உண்மையில் இதைப் பரப்புவது உண்ணி அல்ல. உண்ணியின் தூரத்து உறவான 'மைட்' என்ற மிகச் சிறிய உயிரி. அதிலும் அதன் இளம்புழு மட்டுமே கடிக்கும். அளவு சுமார் 0.2 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, கடித்தால் வலிக்காது. புல், புதர், எலி இவை சேர்ந்திருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடுதான்.

ஜப்பானின் நீகாட்டா பகுதி விவசாயிகள் இந்த நோயை வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். வெள்ளம் வடிந்த ஆற்றங்கரையில் வேலை செய்தவர்களுக்கு இது வந்தது. அங்கே வைத்த பெயரான 'சுட்சுகாமுஷி' தான் இன்று கிருமியின் அறிவியல் பெயரிலும் நிற்கிறது: ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம், பர்மா காடுகளில் இருந்த படைவீரர்களை இது படுக்கையில் தள்ளியது. போருக்குப் பின் இந்தியாவில் பலர் இதை மறந்தே போனார்கள். 2000-க்குப் பிறகு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் குளிர்மாதக் காய்ச்சல்களில் இதை மறுபடி அடையாளம் கண்டார்கள். கடலூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரியில் 50 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நோய் புதிதாக வரவில்லை. தேடத் தொடங்கியதும் தெரிந்தது, அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் அடையாளம்

கடித்த இடத்தில் பலருக்குச் சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுப்புப் பொருக்கு உண்டாகும். வலியும் அரிப்பும் இல்லாததால் நோயாளிக்கே தெரியாது. வேலூர் மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆண்களுக்கு இது அக்குளிலும் தொடை இடுக்கிலும் அதிகம். பெண்களுக்கு மார்பிலும் வயிற்றிலும் அதிகம். அதாவது மார்பின் மடிப்பு, பாவாடை நாடா இறுகும் இடுப்பு போன்ற இடங்கள். கூட்டமான புறநோயாளிப் பிரிவில் ஒரு பெண்ணுக்கு யாரும் பார்க்காத இடங்களும் அவைதான். கூச்சத்தால் அவரும் சொல்ல மாட்டார். பால் கொடுக்கும் தாய்க்கு மார்பில் புண் என்றால் 'பால் கட்டியிருக்கும்' என்று விட்டுவிடவும் வாய்ப்பு உண்டு.

இரத்தப் பரிசோதனை கைகொடுக்காதா? 1916-இல் வைல், ஃபீலிக்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த மலிவான சோதனை ஒன்று நம் மருத்துவமனைகளில் நெடுநாள் இருந்தது. இப்போது அதைவிட நம்பகமான எலைசா சோதனை இருக்கிறது. ஆனால் இரண்டுமே எதிரணுக்களைத் தேடுபவை. முதல் வாரத்தில் எதிரணு போதிய அளவு உருவாகியிருக்காது, முடிவு 'இல்லை' என்று வரலாம். அதனால்தான் சந்தேகம் வந்தவுடனே மருந்தைத் தொடங்குகிறார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இறக்கிறார்கள் என்று பழைய பதிவுகளைத் தொகுத்தவர்கள் கணக்கிட்டுள்ளனர். சில இடங்களில் இது பல மடங்கு.

மருந்துகளும் தடைகளும்

1948-இல் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் கோலாலம்பூரில் குளோராம்ஃபெனிகால் மருந்தை இந்த நோய்க்குச் சோதித்து வெற்றி கண்டார்கள். நோயாளிகளில் சிலருக்கு இருந்தது உண்மையில் டைஃபாய்டு, அவர்களும் குணமானார்கள்! டைஃபாய்டுக்கு மருந்து கிடைத்த கதை இது. இரண்டு காய்ச்சலும் எவ்வளவு எளிதாகக் குழம்பும் என்பதற்கும் இதுவே சாட்சி. ஆனால் 1959-இல் அதிர்ச்சி. இந்த மருந்து கொடுக்கப்பட்ட பச்சிளம் குழந்தைகள் உடல் சாம்பல் நிறமாகி இறந்தன. தாய்மார்களுக்கு அந்தக் கதவு மூடியது.

அதே 1948-இல் டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் வந்தது. அதைக் கண்டெடுத்தவர் பெஞ்சமின் டக்கர். அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகடா சுப்பாராவ். இந்த வகை மருந்துகள் வளரும் பற்களில் கறை உண்டாக்குவது பிறகு தெரிந்தது. 1960-களில் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கூடாது என்ற எச்சரிக்கை வந்தது. 1967-இல் வந்த டாக்ஸிசைக்ளினும் அதே தடைக்குள் அடைபட்டது, கால்சியத்தோடு அது குறைவாகவே ஒட்டும் என்றபோதிலும்.

தடை எழுதுவது எளிது, தளர்த்த அரை நூற்றாண்டு ஆகிறது. 2015-இல் வந்த அமெரிக்க ஆய்வு, குறுகிய காலம் டாக்ஸிசைக்ளின் எடுத்த குழந்தைகளின் பற்களில் கறை இல்லை என்றது. 2018-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் எந்த வயதிலும் 21 நாள் வரை தரலாம் என்றது. பால் வழியாகச் செல்லும் அளவு மிகக் குறைவு. பாலிலுள்ள கால்சியமும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. இதற்கிடையே 1980-இல் யுகோஸ்லாவியாவின் சாக்ரெப் நகரில் உருவான அசித்ரோமைசின், கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் நல்ல மாற்றாக அமைந்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருகிறதா என்று கவனித்தால் போதும்.

லைம் நோய்க்கும் இதற்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இங்கேதான். லைம் நோய்க்குப் பால் கொடுக்கும் தாய்க்கு அமாக்சிசிலின் கொடுப்பார்கள், குணமாகும். ஸ்க்ரப் டைஃபஸுக்கு அமாக்சிசிலினும் சரி, செஃபிக்ஸிம் போன்றவையும் சரி, வேலை செய்யாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில் ஐந்து நாள் போய்விட்டால், அந்த ஐந்து நாளில் நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் போய்விடலாம்.

பால்?

லைம் நோயோ ஸ்க்ரப் டைஃபஸோ தாய்ப்பால் வழியாகப் பரவியதாக நிரூபணம் இல்லை. ஸ்க்ரப் டைஃபஸ் கர்ப்ப காலத்தில் அரிதாக நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைந்ததுண்டு. பால் வேறு விஷயம். எனவே தாய் மிகவும் சோர்ந்து போகாதவரை பாலை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்தினால் பால் கட்டிக்கொண்டு இன்னொரு காய்ச்சல் வரும். குழந்தைக்கு வெளிப்பால் கரைக்கும் தண்ணீரால் வேறு தொல்லை வரும்.

கனெக்டிகட்டில் ஒரு தாய் "இது வேறு ஏதோ" என்று சந்தேகப்பட்டு விடாமல் கேட்டதால் ஒரு நோய் தெரியவந்தது. கடலூரிலும் சிதம்பரத்திலும் அப்படிக் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: "டாக்டர், இது ஸ்க்ரப் டைஃபஸா இருக்குமா? நான் பால் கொடுக்கிறேன், அதுக்கு ஏத்த மருந்து எது?" கூடவே, உடம்பில் எங்காவது கறுப்புப் பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டிவிட வேண்டும். பாதி நோயாளிகளிடம் அது இருக்காது என்பதையும் மறக்கக்கூடாது.