கல்கத்தாக் காய்ச்சலும் கொசுவின் உயிரணுவும்

1963ஆம் ஆண்டு கல்கத்தாவில் பரவிய காய்ச்சலில் நோயாளர் சிலருக்கு இரத்தக்கசிவும் ஏற்பட்டது. அவர்களின் குருதியை ஆராய்ந்தபோது டெங்கு, சிக்குன்குனியா என்னும் இரு வைரஸ்கள் ஒரே நகரில் ஒரே காலத்தில் உலவியது தெரியவந்தது. 1952-53இல் தாங்கனிக்காவில், அதாவது இன்றைய தான்சானியாவில், பரவிய கொள்ளைநோயின்போது முதன்முதலாக அறியப்பட்ட சிக்குன்குனியா வைரஸ், இந்தியாவில் பிரித்தெடுக்கப்பட்டது அப்போதுதான். மறு ஆண்டே அது சென்னையையும் வேலூரையும் எட்டியது. இரண்டையும் நகரங்களில் பரப்பியது ஏடிஸ் எஜிப்டி என்னும் ஒரே கொசுவினம்.

அதே கல்கத்தாவில்தான் 1898இல் ரொனால்டு ராஸ், பறவை மலேரியாவின் ஒட்டுண்ணி கொசுவின் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளைச் சென்றடையும் வழியைக் கண்டறிந்தார். கொசு ஒழிப்பு பொதுச் சுகாதாரத்தின் தலையாய பணிகளுள் ஒன்றாக ஆனதற்கு அக்கண்டுபிடிப்பே அடித்தளம். ஆயினும் அந்த வெற்றிக்குள் ஒரு குறுகலும் இருந்தது. கொசு நோயைச் சுமக்கும் ஊர்தியாகவே பெரிதும் பார்க்கப்பட்டது. மனிதரைப் படுக்கையில் வீழ்த்தும் வைரஸ், தன்னை வாழ்நாள் முழுதும் சுமக்கும் கொசுவை ஏன் அவ்வளவாக வருத்துவதில்லை என்னும் வினா நெடுங்காலம் ஓரத்திலேயே கிடந்தது.

அவ்வினாவை ஆராய்வதற்குரிய கருவி இந்தியாவிலேயே பிறந்தது. புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கே.ஆர்.பி. சிங், ஏடிஸ் எஜிப்டி, ஏடிஸ் அல்போபிக்டஸ் ஆகிய கொசுக்களின் இளம்புழுத் திசுக்களிலிருந்து, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் உயிரணு வரிசைகளை உருவாக்கி 1967இல் வெளியிட்டார். அவற்றுள் அல்போபிக்டஸ் வரிசையிலிருந்து ஜப்பானிய அறிஞர் அகிரா இகராஷி 1978இல் ஒரு கிளையைப் பிரித்தெடுத்தார். சி6/36 எனப்படும் அதில் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்கள் மிகுதியாகப் பெருகின. ஆதலால் நோயாளரின் குருதியிலிருந்து வைரஸைப் பிரித்தெடுக்க உலகெங்கும் ஆய்வகங்கள் அதனை ஏற்றுக்கொண்டன.

வைரஸ் அதில் ஏன் அவ்வளவு நன்றாக வளர்கிறது? இதற்கு விடை வர மற்றொரு துறை வளர வேண்டியிருந்தது. 1993இல் விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்குன் ஆகியோரின் ஆய்வுக்குழுக்கள் ஓர் உருளைப்புழுவில், புரதம் எதனையும் உருவாக்காமல் மற்றொரு மரபணுவின் செயலை அடக்கும் மிகச்சிறு ஆர்.என்.ஏ.வைப் பற்றி எழுதின. இவ்வகை மூலக்கூறுகளுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் பெயர் 2001இல் நிலைபெற்றது. இருவருக்கும் 2024இல் நோபெல் பரிசு கிடைத்தது.

பூச்சிகளின் உயிரணுவில் சிற்றளவு ஆர்.என்.ஏ.க்கள் வெவ்வேறு பணிகளைச் செய்கின்றன. வைரஸ் பெருகும்போது தோன்றும் ஈரிழை ஆர்.என்.ஏ.வை டைசர்-2 என்னும் நொதி சுமார் 21 எழுத்துகள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது. அத்துண்டுகளை வழிகாட்டியாகக் கொண்டு உயிரணு வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடி அழிக்கிறது. இது நேரடித் தற்காப்பு. மைக்ரோ ஆர்.என்.ஏ.வோ பூச்சியின் சொந்த மரபணுக்களிலிருந்து எழுவது. டைசர்-1 நொதியால் செதுக்கப்படும் அது, எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை நெறிப்படுத்துகிறது. தொற்று நேரும்போது அதன் அளவுகள் மாறுகின்றன. அம்மாற்றம் சில வேளை வைரஸுக்கும் சில வேளை கொசுவுக்கும் துணைநிற்கிறது.

சி6/36 உயிரணுக்களில் டைசர்-2 சரிவரச் செயல்படுவதில்லை என்பதை 2010இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. வைரஸ் அங்கே தடையின்றிப் பெருகுவதற்கு இக்குறை ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. வைரஸைக் கண்டறிய வசதியாக அமைந்த பண்பு, கொசுவின் எதிர்ப்பைப் புரிந்துகொள்ள இடையூறாகவும் இருந்திருக்கிறது. காவல் குறைந்த வீட்டைப் பார்த்து ஊரின் காவலை மதிப்பிட்டது போன்றதே இது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆய்வுகள் அந்தப் பார்வையை விரிவாக்கியுள்ளன. 2014இல் டெல்லி ஆய்வாளர்கள், சிக்குன்குனியா தொற்றிய அல்போபிக்டஸ் உயிரணுக்களில் குறிப்பிட்ட சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களின் அளவு மாறுவதைப் பதிவுசெய்தனர். அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வொன்று, மேற்கு நைல் வைரஸ் தொற்றும்போது கொசுவின் மிஆர்-2940 குறைவதையும், அதனால் வைரஸுக்குத் தேவையான ஒரு நொதி குறைந்து அதன் பெருக்கம் கட்டுப்படுவதையும் காட்டியது. வோல்பாக்கியா பாக்டீரியா இதே மூலக்கூறைப் பெருக்கித் தன் இருப்பை உறுதிசெய்துகொள்வதை 2011ஆம் ஆண்டு ஆய்வு ஏற்கெனவே தெரிவித்திருந்தது. ஒரே மூலக்கூறு ஒரு தொற்றில் குறைகிறது, மற்றொன்றில் கூடுகிறது. ஆகவே, வைரஸைத் தடுக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. இது, வளர்க்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. அது என நிலையான பட்டியல் இடுவது பிழையாகும்.

இவ்வரலாறு ஆய்வு மாணவர்க்கு உணர்த்துவது ஒன்றுண்டு. ஓர் ஆய்வு முடிவைப் படிக்கும்போது, அது எந்த வைரஸில், எந்தக் கொசுவினத்தில், எந்த உயிரணு வரிசையில் கிடைத்தது என்பதையும் உடன் படித்தல் வேண்டும். சி6/36இல் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் உருவாகின்றன, எனவே அவற்றை அங்கே ஆராய்வது வீணன்று. ஆனால் இணைத் தற்காப்பு ஒன்று குன்றிய சூழலில் காணப்பட்ட மாற்றம் முழுக் கொசுவிலும் அவ்வாறே நிகழும் என்று கொள்வதற்குத் தனிச் சான்று தேவை. கொல்கத்தாவில் இன்றும் மழைக்காலம்தோறும் டெங்கு திரும்பி வருகிறது. அங்கே வைரஸைச் சுமப்பது ஆய்வகக் குடுவையிலுள்ள உயிரணு அன்று. தற்காப்புகள் அனைத்தையும் கொண்ட கொசு.