குடியிருப்பு என்கிற சொல்

1961, 1971 சட்டங்களின் ஆங்கிலத் தலைப்பிலேயே 'குடியிருப்பு' என்று நம்ம சொல்தான் நிற்கிறது. ஈடான சொல் அகப்படவில்லை போலும். வேலையும் குடிசையும் ஒரே ஆண்டையின் கையில். கூலி கேட்டால் குடிசை போகும். முதல் சட்டம் வெளியேற்றத்தைத் தடுத்ததோடு சரி. 1968 டிசம்பரில் வெண்மணியில் 44 பேர் ஒளிந்திருந்த குடிசையோடு கொளுத்தப்பட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டாவது சட்டம்தான் மனையையே விவசாயத் தொழிலாளிக்கு உரிமையாக்கியது. வேலையிலிருந்து வீட்டைப் பிரித்ததே அதன் சாதனை என்பேன். ஆனால் விவசாயத்தோடு நின்றுவிட்டது. எங்க மல்லசமுத்திரம் பக்கம் காட்டை விட்டுத் தறிக்குப் போனவர்களில் பலருக்கு முன்பணமும் லைன் வீடும் ஒரே முதலாளியிடம். 2017 வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. லைன் வீட்டுக்கு யார் எழுதித் தருகிறார்கள்? பணி ஒப்பந்தத்தின் பகுதியாக நிறுவனம் ஊழியருக்கு விடும் வீட்டையோ அச்சட்டம் தொடுவதே இல்லை.