ஒருவர் வாசிக்க ஊர் கேட்ட வரலாறு

இரத்தினபுரிக்குச் செல்லும் பெருவீதியில் குரு கங்கையை அடுத்துள்ள குருவிட்டவைச் சூழ்ந்த இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் சிதறி வாழும் தமிழ்க் கத்தோலிக்கர் தொகையிற் சிறியவர்களே. ஆயினும் அவர்களது சமய வாழ்க்கையின் வேரைத் தேடிச் செல்வோர், ஒருவர் வாசிக்க ஊரார் கூடியிருந்து கேட்கும் மிகப் பழைய வழக்கமொன்றையே சென்றடைவர்.

1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றிவிட, 1687-இல் பிச்சைக்காரர் கோலத்தில் இலங்கைக்கு வந்து சேர்ந்த கோவா தேசத்துக் குருவாகிய யோசேப் வாஸ் முனிவர், தாம் தங்கியிருக்க இயலாத ஊர்கள்தோறும் மூப்பர், அண்ணாவி என்னும் பொதுநிலைப் பணியாளரிடம் செபத்தையும் போதனையையும் ஒப்புவித்துச் சென்றார். 1705-இல் அவருக்குத் துணையாக வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி இயற்றிய வியாகுலப் பிரசங்கம், தபசு காலத்தில் குருவில்லாத ஆலயங்களிலும் இராகத்தோடு வாசிக்கப்பட்டுக் கேட்போரைக் கண்ணீர் சிந்தச் செய்தது. 1876-இல் யாழ்ப்பாணத்தில் ‘சத்தியவேத பாதுகாவலன்’ என்னும் பத்திரிகை தோன்றியபோது அச்செழுத்தும் அம்மரபிலே சேர்ந்துகொண்டது.

தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களிடையே இம்மரபைச் சுமந்தவர் உபதேசியார். 1893-இல் அமைந்த காலி மறைமாவட்டத்தின் பெல்ஜிய இயேசு சபைக் குருமாருக்குத் தென் மாகாணமும் சபரகமுவையும் ஒருங்கே பொறுப்பாயிருந்தமையால், தோட்டத்து ஆலயத்துக்குச் சுவாமி வருவதே ஒரு விசேஷமாயிருந்தது. மற்ற ஞாயிறுகளில் செபமாலை சொல்வித்து, சுவாமி வரும் நாளையும் அயல் தோட்டத்துக் கொடியேற்றத்தையும் மரண அறிவித்தலையும் உரைப்பவர் உபதேசியாரே. அவற்றுள் ஜனங்கள் மிகவும் ஆவலோடு எதிர்பார்த்தது, விவாகத்துக்கு முன் மணமக்களின் பெயரை ஆலயத்தில் அறிவிக்கும் கலியாண ஓலை. 1215-இல் கூடிய லாத்தரன் சங்கம் விதித்து, 1563-இல் திரெந்து சங்கம் மும்முறை என வரையறுத்த அந்த அறிவித்தல், ஐரோப்பாவின் பேராலயங்களைப் போலவே தகரக் கூரையிட்ட தோட்டக் கோயிலிலும் ஒலித்தது. மணமக்களின் பெயர் கேட்டதும் வாலிபர் பகுதியில் எழும் அடக்கிய சிரிப்பை எந்த உபதேசியாராலும் அடக்க முடிந்ததில்லை. நத்தார் இரவில் லயம் லயமாகப் பாடிச் செல்லும் கூட்டத்தில் தாத்தா வேடமிட்டவர் ஆடும் ஆட்டமும் அதே சிரிப்பின் தொடர்ச்சிதான். பக்தியும் நகைப்பும் ஒரே பாயில் அமர்ந்திருந்த அந்த வாழ்வை நான் பெரிதென்றே மதிக்கிறேன்.

1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இரத்தினபுரித் தோட்டங்களைத் தாக்கியபோது, அநேகர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தனர். உயிரைக் காத்து ஓடுகிறவர், உபதேசியார் செபங்களையும் பாட்டுகளையும் எழுதிவைத்த கைக்கொப்பியைத் தேடி எடுத்துச் செல்வாரா? பின்னர் 1995-இல் இரத்தினபுரி தனி மறைமாவட்டமாக உயர்ந்து, மல்கம் ரஞ்சித் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். ஆயினும் ஆலயப் பதிவேடுகளில் ஞானஸ்நானமும் விவாகமும் மரணமும் காணப்படும்; உபதேசியார்மார் கைப்பட எழுதிவைத்த அந்தச் செபங்களும் பாட்டுகளும் அவற்றில் இடம்பெறுவதில்லை.

ஆகையால், உங்கள் வீட்டுப் பெட்டியில் அத்தகைய பழைய கொப்பி ஒன்று கிடக்குமாயின் அதைப் பங்குச் சுவாமியிடம் காட்டிப் பிரதி எடுத்து வையுங்கள். முதிய உபதேசியார் எவரேனும் இருப்பின், அவர் சொல்வதை இவ்வருடமே எழுதிக்கொள்ளுங்கள்.