பழைய நேரமா, புதிய நேரமா?

பிழையாக ஓடும் கடிகாரத்தைத் திருத்துவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முள்ளைப் பிடித்துச் சரியான இடத்துக்கு ஒரே தள்ளாகத் தள்ளிவிடுவது ஒன்று. ஓட்டத்தைச் சற்றே விரைவாக்கியோ தாமதப்படுத்தியோ, சரியான நேரத்தை அது தானாகச் சென்றடைய விடுவது மற்றொன்று. வீட்டுச் சுவர்க்கடிகாரத்துக்கு முதல் வழி போதும். பலருடைய கணக்கு வழக்குகளைத் தாங்கிநிற்கும் வழங்கிக் கணினிகளுக்கு இரண்டாவது வழியே உகந்தது என்பது கணினித் துறையினர் நீண்ட காலமாகக் கைக்கொண்டுவரும் முடிபு. மனிதர் வாழும் நாடுகளுக்கோ பெரும்பாலும் முதல் வழிதான் வாய்த்திருக்கிறது. 1996 முதல் 2006 வரையான பத்தாண்டுகளில் இலங்கையின் கடிகாரங்கள் மூன்று முறை தாவின. அத்தாவல்களால் யாழ்ப்பாணத்து ஊர்களுக்கு நேர்ந்ததை இங்கு எழுத விழைகிறேன்.

முதலில் கணினியின் முறையைப் பார்ப்போம். வலையமைப்பு வழியே கணினிகளின் நேரத்தை ஒருங்கிணைக்கும் நெறிமுறையை வகுத்தவர் அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். அவர் 2024 ஜனவரியில் காலமானார். அந்நெறிமுறையின் முதல் வரையறை 1985இல் வெளியாயிற்று. அதன்படி இயங்கும் வழமையான நிரல், ஒரு கணினியின் கடிகாரம் 128 மில்லிவினாடிக்கு உட்பட்ட அளவில் பிசகியிருக்குமானால் அதனைத் தள்ளுவதில்லை, மெல்ல இழுக்கிறது. இழுப்பின் உச்ச வேகம் வினாடிக்கு அரை மில்லிவினாடி. நாளொன்றுக்கு 43 வினாடி என்று கொள்ளலாம். ஒரு முழு வினாடியை இவ்வாறு இழுத்துச் சரிசெய்ய 33 நிமிடங்களுக்கு மேல் செல்லும். பிசகு 128 மில்லிவினாடியைக் கடந்தால், வேறு ஏற்பாடு செய்திராவிடில், நிரல் தாவலுக்கு இணங்கும். 1,000 வினாடியைக் கடந்துவிட்டாலோ, எதனையும் திருத்தாது நின்றுவிடும். இவ்வளவு பெரிய பிழையை மனிதர் ஒருவர் வந்து பார்க்கட்டும் என்பது அதன் பொருள்.

இத்துணை நிதானம் எதற்கு? கடிகாரம் திடீரெனப் பின்னே தாவினால், நடந்து முடிந்த நிமிடங்கள் மறுபடியும் வரும். பிந்தி நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல் முந்தி நிகழ்ந்ததாகப் பதிவாகும். முன்னே தாவினால், சில நிமிடங்கள் இல்லாமலே போகும். அந்நிமிடத்தில் செய்யவேண்டிய பணி விடுபடும். மெல்ல இழுக்கும்போது இவ்விரண்டும் நேர்வதில்லை. ஒவ்வொரு கணமும் ஒருமுறை வருகிறது. ஒருமுறை மட்டுமே வருகிறது. எது முந்தியது, எது பிந்தியது என்ற வரிசை குலைவதில்லை. உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்படும் ஒற்றை வினாடியைக்கூட, 2008 முதல் கூகிள் நிறுவனம் தன் வழங்கிகளில் பல மணிநேரத்துக்குப் பரப்பிக் கரைத்துவருவது இக்காரணத்தாலேயே.

இனி நாட்டின் கதைக்கு வருவோம். இந்தியாவும் இலங்கையும் 1906ஆம் ஆண்டின் தொடக்கம் முதல், கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய நேரத்தைக் கடைப்பிடித்தன. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரியில் இலங்கை தன் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியது. அதே ஆண்டு செப்ரெம்பரில் மேலும் அரை மணி நகர்த்தியது. போர் ஓய்ந்தபின், 1945 ஒக்டோபரில் பழைய நேரம் மீண்டது. அதன்பின் ஐம்பது ஆண்டுகள் எவரும் முள்ளைத் தொடவில்லை.

1996இல் மழை பொய்த்தது. நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த நாட்டில் நீர்த்தேக்கங்கள் வற்றின. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நோக்கில், மே 24ஆம் திகதி வெள்ளிக்கிழமை நள்ளிரவு நாட்டின் கடிகாரங்கள் ஒரு மணிநேரம் முன்னே தள்ளப்பட்டன. ஐந்தரை, ஆறரையாயிற்று. அந்த ஒரு மணிநேரத்தை மக்களால் தாங்க முடியவில்லை. ஐந்து மாதங்களின் பின், ஒக்டோபர் 26ஆம் திகதி நள்ளிரவு தாண்டி 12.30க்கு, முள் அரை மணி பின்னே நகர்த்தப்பட்டது. ஆறரை, ஆறாயிற்று.

இந்தத் தாவல்கள் புத்தூருக்கு எந்த வேளையில் வந்துசேர்ந்தன என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். 1995 ஒக்டோபரில் இராணுவம் வலிகாமத்தின் கிழக்குப் பக்கமாக முன்னேறியபோது புத்தூர், நீர்வேலி, கோப்பாய் ஆகிய ஊர்களின் மக்கள் வீடுவாசலை விட்டு வெளியேறினர். அம்மாத இறுதியில் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றது. 1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கைக்கு மாறியது. ஒரு சாரார் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். மற்றொரு சாரார் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்குச் சென்றனர். திரும்பியவர்கள் நிலாவரைக் கிணற்றடியையும் செம்மண் தோட்டங்களையும் மறுபடி கண்ட சில வாரங்களுக்குள் கொழும்பிலிருந்து புதிய நேரம் வந்தது. வன்னியிலோ விடுதலைப் புலிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களுடைய ஆட்சிப்புலத்தில் ஐந்தரை ஐந்தரையாகவே நின்றது.

ஆகவே தமையன் புத்தூரிலும் தங்கை கிளிநொச்சிப் பக்கத்திலுமாகப் பிரிந்த குடும்பத்துக்கு நேரமும் இரண்டாகப் பிரிந்தது. முதல் ஐந்து மாதம் ஒரு மணிநேர வித்தியாசம், அதன்பின் ஒன்பதரை ஆண்டுகள் அரை மணி. இலண்டனிலிருந்து வந்த வானொலிச் செய்தியை இருவரும் ஒரே கணத்தில் கேட்டனர். சுவரிலிருந்த கடிகாரங்கள் மட்டும் வேறு வேறு மணியைக் காட்டின. 2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ9 வீதி திறக்கப்பட்டபின், முகமாலைச் சோதனைச் சாவடியைக் கடந்தவர்கள் அரை மணியையும் சேர்த்தே கடந்தனர். "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்காமல் எந்தச் சந்திப்பையும் ஒழுங்குசெய்ய இயலாதிருந்தது.

இதில் ஒரு முரணும் உண்டு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவே நேரம் மாற்றப்பட்டது. போரினால் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த குடாநாட்டில் மிச்சம் பிடிக்க நீர்மின்சாரம் ஏது? யாழ்ப்பாணம் கிழக்கு நெடுங்கோடு ஏறத்தாழ 80 பாகையில் இருக்கிறது. சூரியனைக் கொண்டு கணித்தால் அதன் இயல்பான நேரம் கிறீன்விச்சுக்கு 5 மணி 20 நிமிடம் முந்தியது. பழைய நேரம் சூரியனைவிடப் பத்து நிமிடம் மட்டுமே முந்தி நின்றது. புதிய நேரமோ முதலில் எழுபது நிமிடமும் பின்னர் நாற்பது நிமிடமும் முந்தி நின்றது. ஜனவரி இறுதியில் புத்தூரில் சூரியன் உதித்தபோது கடிகாரம் ஏழு மணியைக் கடந்திருந்தது. பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் ஆயத்தமாக வேண்டியிருந்தது. மின்சாரம் இல்லாத ஊருக்கு அந்தச் சிக்கனம் தந்தது இதனைத்தான்.

மூன்றாவது தாவல் 2006இல் நிகழ்ந்தது. சித்திரைப் புத்தாண்டான ஏப்ரல் 14ஆம் திகதி நள்ளிரவு தாண்டி 12.30 ஆனபோது, கடிகாரங்கள் மீண்டும் 12.00க்குத் திருப்பப்பட்டன. அரசின் நேரம் ஐந்தரைக்கு வந்தது. பத்தாண்டுகளின் பின் நாட்டில் ஒரே நேரம் நிலவியது. ஆனால் நான்கு மாதம் முடிவதற்குள், ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் போர் வெடித்து வீதி மூடப்பட்டது. நேரம் ஒன்றானபோது பாதை இல்லாமற் போயிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தவேண்டும். நாடு தன் நேரத்தை மாற்றுவதும் கணினி தன் கடிகாரத்தைத் திருத்துவதும் ஒன்றல்ல. ஒழுங்காக அமைந்த வழங்கி தன்னுள்ளே உலக நேரத்தையே பேணுகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் எத்தனை மணி கூட்டிக் காட்டவேண்டும் என்பதை ஒரு பட்டியலில் பார்த்துக்கொள்கிறது. நாடு நேரத்தை மாற்றினால் பட்டியலில் ஒரு வரி கூடும். உள்ளே ஓடும் கடிகாரம் அசைவதில்லை. அரை மணி என்பது 1,800 வினாடி. அதனைக் கணினி இழுக்கும் வேகத்தில் இழுப்பதானால் ஏறத்தாழ 42 நாட்கள் செல்லும். நாளுக்கு 43 வினாடி வீதம் நகரும் கடிகாரத்தின் கீழ் ஒரு நாடு வாழ முடியாது. பேருந்தும் பாடசாலையும் அதற்கு இசையா. எனவே நாடுகள் தாவுவதைக் குறைகூறுவதற்கில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. தாவியபோது, எந்த நேரத்தில் எழுதுகிறோம் என்பதை நாம் எழுதிவைக்கவில்லை. கணினி தவறாது செய்யும் பதிவு அது ஒன்றுதான்.

அதன் விளைவை இன்று அனுபவிப்போர் அப்பத்தாண்டில் பிறந்த பிள்ளைகள். அவர்கள் இப்போது மணவயதில் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து பெற்றோர் சாதகம் கணிக்கக் கொடுக்கிறார்கள். ஓர் இலக்கினம் சராசரியாக இரண்டு மணிநேரம் நிற்கும். அதன் ஒன்பதில் ஒரு பங்கான நவாம்சம் 13 நிமிடமளவே நிற்கும். அரை மணி பிசகினால் இலக்கினம் மாறக் கூடும்; நவாம்சம் மாறியே தீரும். சோதிடத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பிழையான நேரத்தைக் கொண்டு ஒரு சம்பந்தத்தைத் தட்டிக்கழிப்பது எவ்வகையிலும் நியாயமாகாது. கணினிகளின் காலவலயத் தரவுத்தளம் கொழும்பின் மாற்றங்களை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. வன்னி பழைய நேரத்தில் நின்றமை அதில் ஒரு விளக்கக் குறிப்பாகவே உள்ளது, கணிப்பில் சேர்வதில்லை. கிளிநொச்சியில் பழைய நேரப்படி குறிக்கப்பட்ட பிறப்பை அத்தரவை நம்பிய மென்பொருளில் இட்டால், கணிப்பு அரை மணி பிழைக்கும்.

பழைய சாதகக் குறிப்பில் உதயாதி நாழிகை எழுதப்பட்டிருந்தால் சரிபார்க்க வழியுண்டு. நாழிகை சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுவது. 24 நிமிடம் ஒரு நாழிகை. ஜனவரி இறுதியில் புத்தூரில் உதயம் பழைய நேரப்படி ஏறத்தாழ 6.33, புதிய நேரப்படி 7.03. பிறந்த நேரம் 11.03 என்றும் உதயாதி 10 நாழிகை என்றும் இருந்தால், கணித்தவர் அதனைப் புதிய நேரமாகக் கொண்டு சரியாக எண்ணியிருக்கிறார். அதே 11.03க்கு 11¼ நாழிகை என்றிருந்தால், அவர் அதனைப் பழைய நேரமாகக் கொண்டிருக்கிறார். அப்போது, பிறந்த இடத்தில் எந்த நேரம் நடப்பிலிருந்தது என்று விசாரிக்கவேண்டும்.

சாதகத்தோடு இது முடிவதுமில்லை. அக்காலத்துப் போர்ச் சம்பவங்கள், இடப்பெயர்வுகள், காணாமற் போனோர் கடைசியாகக் காணப்பட்ட வேளைகள் பற்றிய வாக்குமூலங்கள் யாவும் ஏதோ ஒரு கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. ஒருவர் காலை ஆறு மணி என்றும் மற்றொருவர் ஆறரை என்றும் கூறினால் அவர்களுள் ஒருவர் பொய்யுரைக்கிறார் என்று கொள்ளவேண்டியதில்லை. இருவரும் ஒரே கணத்தைச் சொல்லியிருக்கக் கூடும். ஆவணம் தொகுப்போரும் வரலாறு எழுதுவோரும் 1996 மே 25 முதல் 2006 ஏப்ரல் 14 வரையான வடபகுதியின் ஒவ்வொரு நேரக் குறிப்பின் அருகிலும் இது எந்த நேரம் என்று குறிப்பது அவசியம். அதனைச் சொல்லக் கூடிய பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கேட்டு எழுதிவைக்கும் கடமை நம்முடையது.