காய்ந்த காளானுக்கு வைத்த பெயர்கள்

மழை விட்டு வெயில் எறித்தால் புற்றடியில் காளான் முளைக்கும். "இது சாப்பிடுறதோ, நஞ்சோ?" எண்டதுதான் எங்கட வீடுகளில் முதல் கேள்வி. காலனிய அறிவியல் கேட்ட கேள்வி வேற: இதுக்கு என்ன பெயர்?

1849 முதல் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜோர்ஜ் துவைட்ஸ். இங்கே சேகரித்த காளான்களைக் காயவைத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் மைல்ஸ் பேர்க்லி என்ற பாதிரியாரும் அவருடைய நண்பர் கிறிஸ்டோபர் புரூமும். 1870களில் இவர்கள் வெளியிட்ட இலங்கைப் பூஞ்சைப் பட்டியல்களில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. ஆனால் இருவரும் இந்தத் தீவில் கால் வைத்ததில்லை.

காளானைக் காயவைத்தால் நிறம் மங்கும், மணம் போகும், குடை சுருங்கும். மொட்டாக இருந்ததும் விரிந்ததும் இரண்டு இனம் போலத் தெரியும். அது எங்கே, எதன்மேல் முளைத்தது என்பதும் பெட்டிக்குள் வராது.

1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. அந்தப் பூஞ்சைக்குப் பெயர் வைத்ததும் இதே இருவர்தான். கோப்பித் தோட்டங்கள் அழிந்த பிறகு, பூஞ்சை தெரிந்த ஒரு ஆள் இங்கேயே இருக்க வேண்டும் என்பது அரசுக்கு விளங்கியது. 1905இல் தோமஸ் பெச் பேராதனைக்கு வந்தார். பயிர் நோய்தான் அவருடைய வேலை. ஆனாலும் பழைய பெயர்களை எடுத்து, உயிருள்ள காளான்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே காளானுக்குப் பல பெயர் விழுந்திருந்தது.

அதில் முக்கியமானது கறையான் புற்றில் முளைக்கும் காளான். 1906இல் பெச் அதைப்பற்றி விரிவாக எழுதினார். கறையான்கள் புற்றுக்குள் பஞ்சுபோன்ற தோட்டம் அமைத்துப் பூஞ்சை வளர்க்கின்றன. அந்தத் தோட்டத்திலிருந்து வேர்போல நீண்ட தண்டு மண்ணைத் துளைத்து மேலே வந்து குடை விரிக்கிறது. வெவ்வேறு பெயர்களில் பதிவான பல காளான்கள் இதுவே என்றார் அவர். இதற்கென்று தெர்மிட்டோமைசஸ் என்ற தனிப் பேரினத்தை பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் உருவாக்கியது 1942இல்தான்.

நாங்கள் யோசிப்பது இதைத்தான். 'புற்றுக்காளான்' என்ற தமிழ்ப் பெயரிலேயே பாதிச் செய்தி இருக்கிறது. அதைப் பிடுங்கிச் சமைத்தவர்களுக்கு அது எங்கிருந்து வருகிறது எண்டு தெரியும். ஆனால் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை.

அதற்காக வீட்டறிவு எல்லாம் சரி என்றும் சொல்லமாட்டோம். உள்ளி போட்டுக் கறுத்தால் நஞ்சு, வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு என்பதெல்லாம் பொய். வெப்ப நாடுகளின் புல்தரையில் வரும் ஒரு வெள்ளைக் குடைக்காளான் பார்க்க நல்ல கறிக்காளான் போலவே இருக்கும். தின்றால் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும்தான். முற்றிய குடையை இரவு முழுக்க வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தால் பச்சை நிறத்தில் வித்திகள் படியும். அடையாளம் காண அது உதவும். ஆனால் படிவது வேறு நிறம் என்பதற்காக எந்தக் காளானும் நல்லதாகிவிடாது.

இப்ப நாங்கள் கைபேசியில் படம் எடுத்து, "இதைச் சாப்பிடலாமோ?" எண்டு குழுவில் போடுகிறோம். அந்தப் படத்திலும் மணமில்லை, அடித்தண்டில்லை, புற்றில்லை. துவைட்ஸ் அனுப்பிய பெட்டி மாதிரித்தான். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல யாராவது இருப்பினம். அந்தப் பெயரை நம்பி மட்டும் சட்டியை அடுப்பில வைக்காதேங்கோ.