அந்த ‘2’ எங்கே போச்சு?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் ரொம்ப ஆவேசமாகக் கேட்டார்: ‘அரசாங்கக் காகிதத்தைக் கண்டவனும் பார்த்தா நாடு என்னத்துக்கு ஆகும்?’ன்னு. பார்க்க முடியாததனால என்ன ஆச்சுன்னு நான் சொல்றேன்.

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறினா ஏலக்காய் மலை. மலை இருக்கிறது கேரளாவில். தோட்டக்காரர்களில் பலர் போடிக்காரர்கள். விடியுமுன்னே ஜீப்பில் தொத்திக்கிட்டுக் காய் எடுக்கப் போற பெண்களும் நம்ம பெண்கள்தான்.

1897-இல் திருவிதாங்கூர் அரசு ஓர் அறிவிப்புப் போட்டது. இந்த மலையில் இத்தனை ஏக்கர் காப்புக்காடு என்று. எத்தனை? அங்கேதான் வில்லங்கம்! 15,720 ஏக்கர் என்கிறது ஒரு தரப்பு. இல்லை, 2,15,720 என்கிறது இன்னொரு தரப்பு. முன்னால ஒரே ஒரு ‘2’! பள்ளிக்கூடத்துப் பையன் விட்டிருந்தா ஒரு மார்க்கோட போயிருக்கும். இங்கே இரண்டு லட்சம் ஏக்கர், ஐயா! (கைதட்டல்)

காடு நிலைக்கணும் என்பவர்களும், தலைமுறையா உழைச்ச மண்ணுக்குப் பட்டா கேட்கிறவர்களும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். புதுப் பட்டா கொடுக்கக் கூடாதுன்னு 2024-இல் இடைக்கால உத்தரவு வந்தது. எந்தக் கணக்கு சரி? அது நீதிபதிகள் பாடு. அந்த மூலக் காகிதத்தை அன்றைக்கே ஊரறிய விரிச்சு வச்சிருந்தா இந்தச் சண்டை வந்திருக்குமா? அதுதான் என் கேள்வி.

அதே திருவிதாங்கூர், அதே மலைத்தொடர். 1886-இல் பெரியாறு குத்தகை. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷம். எல்லாம் அச்சில் இருக்கு. 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றம் அதை விரிச்சு வச்சுத்தான் விசாரிச்சது. அணைக்காக இரண்டு மாநிலமும் மல்லுக்கு நின்றது உண்மை. ஆனா அது 999-ஆ 99-ஆன்னு யாரும் அடிச்சுக்கலை!

ராணுவ ரகசியத்தை யாருங்க கேட்டது? வெள்ளைக்காரன் 1923-இல் போட்ட ரகசியச் சட்டம் இன்னமும் இருக்கு. ஆனா 1997-இல் தகவல் அறியும் உரிமைக்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம் நம்ம தமிழ்நாடு. 2005-இன் மத்தியச் சட்டம், 20 வருஷம் தாண்டிய விஷயத்தை, சில விலக்குகள் தவிர, கேட்டவருக்குக் கொடு என்கிறது. 1897-க்கு எத்தனை இருபது வருஷம் ஆச்சு? எதிரணித் தலைவர் விரல்விட்டு எண்ணிச் சொல்லட்டும்.