அத்திப்பட்டுக் கழியில் படகும் இளவேனிலும்

அத்திப்பட்டு, கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழியை ஒட்டிய ஊர். ஏறக்குறைய 136 கி.மீ. ஓடிவரும் இந்த ஆறு, வல்லூர் அணைக்கட்டைத் தாண்டியதும் கழியாகிவிடுகிறது. அதன் பிறகு படகின் போக்கைத் தீர்மானிப்பவை கடலின் ஏற்றமும் வற்றமும்தான்.

வேம்பு பூக்கச் சித்திரை ஆகும். படகுக்காரர்களுக்கு மாசியிலேயே பருவம் மாறிவிடும். வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வடிந்து, வாடை ஓய்ந்து, பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும். கடலில் தெற்கு நோக்கி ஓடிய வன்னி நீரோட்டம் தணிந்து, வடக்கே இழுக்கும் தெண்டி தொடங்கும். ஆற்று நீர் குறையக் குறைய, முகத்துவாரத்தில் மணல் மேடிடும். உப்பளங்களில் மழையில் கரைந்த வரப்புகளைத் திருத்தி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்கி, கழிநீரைப் பாய்ச்சுவார்கள். வெயில் ஏற ஏற, பாத்தியில் உப்பு பூக்கும்.

அந்த உப்பு சென்னைக்குப் போன வழி பெரிதும் நீர்வழியே. 1801இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திரக் கடற்கரைவரை நீண்டது. 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் கூவம் ஆறும் அடையாறும் கால்வாயால் இணைக்கப்பட்டன. 1878இல் கால்வாய் முழுவதற்கும் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வந்தது. கஞ்சிக்காக மண் சுமந்தவர்களின் உழைப்பு அது என்பதையும் அந்தப் பெயரோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் கிளிஞ்சலும் இவ்வழியே தெற்கே வந்தன. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். ஆழமில்லாத இடத்தில் கோல் ஊன்றித் தள்ளுவார்கள். தென்காற்று எதிர்த்து அடிக்கும் மாதங்களில் சரக்குப் படகைக் கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க வேண்டும். அதே காற்று, வெறும் படகை வடக்கே எளிதாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

1944இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் வந்தபின் கீழ்ப்பகுதிக்கு நன்னீர் வரத்துக் குறைந்தது. ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1960களிலும் 1976இலும் வீசிய புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. 1990களில் வடசென்னை அனல் மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. மின் நிலையச் சாம்பல் படிந்து கழி மேடானது, மீன்வளம் சுருங்கியது. இது இயற்கையாக நேர்ந்த இழப்பல்ல. காட்டுக்குப்பம் உள்ளிட்ட ஊர்களின் மீனவர்கள் இன்றும் இக்கழியில் இறாலுக்கும் நண்டுக்கும் படகு இறக்குகிறார்கள். மேடான இடங்களைக் கடக்க ஏற்றத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.